யமனுக்கு ஐஸ் வைத்தவர்கள்

"சித்தப்பா, அதோ தெரியறதே ஒரு கட்டடம், அதுக்குள்ளே இருநூறு பேருக்கு மேலே செத்துப்போய் உட்கார்ந்திண்டிருக்கா" என்றான் என் அண்ணா பிள்ளை.

காரை ஓட்டிக்கொண்டே, ஏதோ தபாலாபீஸைக் காட்டுகிற மாதிரி நிதானமாகச் சொன்னான். நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கோபுரமும் இல்லை, கொடிமரமும் இல்லை. நம் ஊர்ப் பத்திரப் பதிவு ஆபீஸுக்குக் கொஞ்சம் சாயம் பூசினால் எப்படி இருக்குமோ, அப்படி ஓர் அடக்கமான கட்டடம்.

"உட்கார்ந்திண்டா இருக்கா?" என்று கேட்டேன்.

"தப்பாச் சொல்லிட்டேன். தலைகீழா நிக்கறா."

பின் ஸீட்டிலிருந்த என் மனைவி, "ராம ராமா! கண்ணாடியை ஏத்துடா" என்றாள். கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. இறக்கியிருந்தால் நாங்களும் அந்த இருநூறு பேரோடு சேர்ந்திருப்போம். வெளியே அப்படி ஒரு வெயில்.

இடம், அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்து ஸ்காட்ஸ்டேல் நகரம். காலம், ஜூன் மாதத்து நடுப்பகல். உஷ்ணம், 110 டிகிரி பாரன்ஹீட். வேலூர் வெயிலைப் பற்றி நான் இதுவரை எழுதியதையெல்லாம் அந்த நிமிஷமே வாபஸ் வாங்கிக்கொண்டேன். பக்கத்துப் பீனிக்ஸ் நகரில் 2023-ஆம் வருஷம் சேர்ந்தாற்போல் 31 நாள் பகல் உஷ்ணம் 110-க்குக் குறையவே இல்லை. இப்படிப்பட்ட பாலைவனத்தில்தானா மனிதர்களைக் குளிரில் உறைய வைத்துப் பாதுகாக்க வேண்டும்?

காரணம் இருக்கிறது. 'ஆல்கார்' என்ற அந்த ஸ்தாபனம் 1972-ல் கலிபோர்னியாவில் பிறந்தது. அங்கே பூகம்ப பயம். இன்னும் பல நூறு வருஷம் குடியிருக்கப் போகிறவர்களுக்கு ஆட்டம் காணாத தரை வேண்டாமா? ஆகவே 1994-ல் குடித்தனத்தோடு ஸ்காட்ஸ்டேலுக்கு வந்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவர்கள் பயந்து ஊரைக் காலி செய்வதை நாம் அறிவோம். செத்தவர்கள் பூகம்பத்துக்குப் பயந்து வீடு மாற்றிய சமாசாரம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒருவரைக் குளிரப் பேசிக் காரியம் சாதிப்பதை நாம் 'ஐஸ் வைப்பது' என்கிறோம். மேலதிகாரிக்கு வைக்கலாம். மாமனாருக்கு வைக்கலாம். பத்திரிகாசிரியர்களுக்கு வைத்து நானே பலன் அடைந்திருக்கிறேன். ஆனால் சாக்ஷாத் யமதர்மராஜனுக்கே ஐஸ் வைத்துப் பார்ப்போம் என்று துணிந்தவர்கள் இவர்கள்தான். அப்பேர்ப்பட்டவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் விடலாமா? ஊர் திரும்புவதற்குள் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். கும்பகோணத்தில் அண்ணா வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் மூட்டையை அவிழ்த்தேன்.

அண்ணாவைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் 'ஸ்டெப்' போட்டுக் காட்டாமல் ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டாவது, குளிர் என்றால் அவருக்கு ஜன்ம விரோதம். சித்திரை மாதத்திலும் வெந்நீர்தான். ஐப்பசி பிறந்தால் கழுத்தில் ஒரு பழுப்பு மப்ளர் ஏறும், பங்குனியில்தான் இறங்கும். எதிர் வீட்டுக் குழந்தை ஐஸ்கிரீம் தின்றால் இவர் தும்முவார்.

"செத்துப்போனவனை எழுப்பறதாவது?" என்றார் அண்ணா.

"இப்போ எழுப்பறதா அவா சொல்லலை. என்னிக்காவது எழுப்பத் தெரிஞ்சவா வருவா, அதுவரைக்கும் கெட்டுப்போகாம வெச்சிருப்போம்கறா."

"ஊறுகாய் மாதிரி."

"ஊறுகாய் மாதிரியேதான்."

"சரி. ஸ்டெப்பைச் சொல்லு" என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் ஸ்டெப்பைப் போட்டவரும் ஒரு வாத்தியார்தான். மிச்சிகன் மாகாணத்தில் பௌதிகம் கற்பித்த ராபர்ட் எட்டிங்கர். 'தி பிராஸ்பெக்ட் ஆஃப் இம்மார்ட்டாலிட்டி' என்ற அவருடைய புத்தகம் 1964-ல் பெரிய பிரசுராலயத்தின் வெளியீடாக வந்து பரபரப்பை உண்டாக்கிற்று. அவருடைய வாதம் எளிமையானது. நம் தாத்தா காலத்தில் வைத்தியர்கள் கையை விரித்த வியாதிக்கு இன்று மாத்திரை இருக்கிறது. இன்று கையை விரிக்கும் வியாதிக்கு நாளை மருந்து வரும். மரணத்துக்கே கூட மருந்து வரலாம். அதுவரை உடம்பு பழுதாகாமல் காத்திருக்க வேண்டியதுதான் பாக்கி. அதாவது, மரணம் என்பது தீர்ப்பு அல்ல, வெறும் வாய்தா.

மூன்று வருஷத்தில் ஒருவர் வாய்தா வாங்கியும் விட்டார். ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற 73 வயது மனத்தத்துவப் பேராசிரியர். 1967-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி கலிபோர்னியாவில் காலமான அவரைத்தான் இந்த நோக்கத்தோடு முதன்முதலில் உறைய வைத்தார்கள். (முதல் ஆள் வால்ட் டிஸ்னி என்று உலகம் முழுவதும் ஒரு வதந்தி உண்டு. பாவம், அவர் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, 1966 டிசம்பரில், நம்மைப் போல் தகனமாகிவிட்டார்.) பெட்ஃபோர்டு இன்றும் ஸ்காட்ஸ்டேலில் இருக்கிறார். அவரைப் பிணம் என்று சொல்லக்கூடாது. 'நோயாளி' என்று சொல்ல வேண்டும். அந்த ஸ்தாபனத்தாரின் சம்பிரதாயம் அப்படி.

முறை என்னவென்றால், டாக்டர் கையெழுத்துப் போட்டவுடன் ஆளை ஐஸ் தண்ணீரில் கிடத்துகிறார்கள். வெண்டைக்காயை ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டில் மறந்துபோய் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் கொழகொழவென்று ஆகிறதல்லவா? உள்ளே இருக்கும் நீர் ஊசி ஊசியாய் உறைந்து குத்திக் கிழிப்பதால் வரும் வினை அது. மனிதனுக்கும் அதே கதிதான். அதனால் இரத்தத்தை வெளியேற்றிவிட்டு, ஐஸ் ஊசி உண்டாகாமல் தடுக்கும் ஒரு ரசாயனத் திரவத்தைச் செலுத்துகிறார்கள். உடம்பு ஐஸ்கட்டியாகாமல் கண்ணாடி மாதிரி இறுகுகிறது. பிறகு படிப்படியாகக் குளிரேற்றி, திரவ நைட்ரஜனில் இறக்கிவிடுகிறார்கள். அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி சென்டிகிரேடு.

"எத்தனை?" என்றார் அண்ணா, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டே.

ஆள் உயரத்துக்கு மேலான ஒரு ராட்சசத் தெர்மாஸ் பிளாஸ்க். அதற்குள் நான்கு பேர் முழுசாக, தலைகீழாக நிற்கிறார்கள். தப்பித்தவறி நைட்ரஜன் கசிந்து மட்டம் இறங்கினாலும் கடைசியில் வெளிப்படுவது தலையாக இருக்க வேண்டும் என்ற முன்யோசனை. நடுவில் இருக்கும் சந்தையும் வீணாக்கவில்லை. அங்கே ஐந்து தலைகள். ஆமாம், வெறும் தலைகள். திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் கூட இதற்குத் தேவலை.

முழு உடம்புக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கட்டணம். அவ்வளவு வசதியில்லாதவர்கள் தலையை மட்டும் ஒப்படைத்தால், ஏறக்குறைய 80,000 டாலரோடு போகும். எழுப்பத் தெரிந்தவனுக்கு ஓர் உடம்பு செய்து ஒட்டத் தெரியாதா என்பது சித்தாந்தம். எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நாம் வாயால்தான் சொன்னோம். அமெரிக்கர்கள் அதற்குத் தனிக் கட்டணமே போட்டுவிட்டார்கள். பெரும்பாலோர் இன்ஷூரன்ஸ் பாலிஸி எடுத்து அந்தப் பணத்தைக் கட்டுகிறார்கள். செத்தால் பணம், பணம் வந்தால் உயிர்!

"இது வரைக்கும் யாராவது எழுந்திருக்காளா?"

"ஒருத்தர் கூட இல்லை."

"அப்போ ஸ்டெப்பே இல்லையேடா."

நான் விடவில்லை. கனடாவிலும் அலாஸ்காவிலும் ஒரு காட்டுத் தவளை இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் உடம்பிலுள்ள நீரில் பாதிக்கு மேல் ஐஸாகிவிடும். இருதயம் நின்றுவிடும். தூக்கிப் போட்டால் கல் மாதிரி விழும். வசந்தம் வந்ததும் உருகி, ஒன்றும் நடக்காதது போல் குதித்துக்கொண்டு போகும். ஈரலிலிருந்து சர்க்கரையைச் சுரந்து உடம்பெல்லாம் நிரப்பிக்கொள்வதுதான் அது செய்யும் தந்திரம். லண்டனில் 1950-களில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஹாம்ஸ்டர் என்ற எலி ஜாதியைக் கட்டையாக விறைக்க வைத்து மறுபடி உயிர்ப்பித்தார்கள். ஆரம்பத்தில் சூடான கரண்டியை மார்பில் வைத்து எழுப்பினார்களாம். அது எலிக்கு வேதனை என்று இரக்கப்பட்டு, இன்று நாம் அப்பளம் சுடும் மைக்ரோவேவ் மாதிரி ஒரு கருவியைக் கொண்டு சூடேற்றினார் லவ்லாக். உறைய வைத்த கருவிலிருந்து ஒரு மனிதக் குழந்தையே 1984-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்துவிட்டது.

"தவளை சரி, எலி சரி, கரு சரி. வாத்தியார்?" என்றார் அண்ணா.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எலிகள் விறைத்தது பூஜ்யத்தை ஒட்டிய குளிரில், சொற்ப நேரத்துக்கு. மைனஸ் 196-லிருந்து ஒரு முழு எலி கூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

ஆனால் பெஞ்சமின் பிராங்க்ளின் கதையை மட்டும் அண்ணா ரசித்தார். அமெரிக்க தேசத்தை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான அந்தப் பெரியவர் 1773-ல் ஒரு பிரெஞ்சு நண்பருக்குக் கடிதம் எழுதினார். வர்ஜீனியாவிலிருந்து வந்த மதேரா ஒயின் பாட்டிலைத் திறந்து ஊற்றினால், கிளாஸில் மூன்று ஈக்கள் விழுந்தனவாம். வெயிலில் வைத்துப் பார்த்தார். இரண்டு ஈக்கள் காலை உதறி, இறக்கையைத் துடைத்துக்கொண்டு பறந்துபோயின. மூன்றாவது, சாயந்திரம் வரை பார்த்தும் எழவில்லை. உடனே பிராங்க்ளினுக்கு ஆசை வந்துவிட்டது. தன்னையும் சில சிநேகிதர்களோடு ஒரு பீப்பாய் மதேராவில் போட்டு வைத்து, நூறு வருஷம் கழித்து அமெரிக்கா எப்படி இருக்கிறது என்று பார்க்க எழுப்பினால் தேவலை என்று எழுதினார்.

"அவன் மனுஷன்! தனியாப் போகலை பார், சிநேகிதாளோட போறேன்னான்" என்றார் அண்ணா.

அப்போது நான் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

பேச்சு பிறகு உல்லாசமாகப் போயிற்று. அண்ணாவுக்கு உடனே ஞாபகம் வந்தது பென்ஷன். வருஷா வருஷம் நவம்பரில், 'உயிரோடு இருக்கிறேன்' என்று சான்று கொடுத்தால்தான் பென்ஷன் வரும். "தலைகீழா நிக்கறவன் எப்படிடா கையெழுத்துப் போடுவான்? 'தாற்காலிகமாகச் செத்திருக்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்துள்ள'ன்னு எழுதிக் கொடுப்பானா?" என்று கேட்டுத் தாமே சிரித்தார்.

எனக்குச் சிராத்தக் கவலை. முந்நூறு வருஷம் பிள்ளைகளும் பேரன்களும் திதி கொடுத்து, காக்காய்க்குச் சாதம் வைத்துக் களைத்திருப்பார்கள். திடீரென்று நான் தலையைத் துவட்டிக்கொண்டு எழுந்து வந்தால், அத்தனை பிண்டத்துக்கும் யார் கணக்குச் சொல்வது? என் கொள்ளுப்பேரனுக்குக் கொள்ளுப்பேரனுக்கு எழுபது வயது. எனக்கு அறுபத்தெட்டு. யார் யாருக்கு நமஸ்காரம் பண்ணுவது? அன்றைக்குக் காப்பி இருக்குமா? தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால் புரிந்துகொள்ள ஓர் ஆள் இருப்பானா? 'அக்காலத்தில் இவர் நாவல் எழுதினாராம்' என்று பொருட்காட்சியில் உட்கார்த்தி வைத்துவிட்டால் என்ன செய்வது?

நம் பெரியவர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். சிரஞ்சீவிப் பட்டத்தை ஏழு பேருக்கு மேல் கொடுக்கவில்லை. அந்த ஏழிலும் அசுவத்தாமனுக்குக் கிடைத்தது வரம் அல்ல, சாபம்.

எட்டிங்கரின் குடும்பக் கதையைச் சொன்னபோதுதான் உள்ளேயிருந்து பெண்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர் 1976-ல் மிச்சிகனில் தாமே ஓர் உறைபனி ஸ்தாபனம் தொடங்கினார். 1977-ல் முதல் நோயாளியாக அங்கே போனவர் அவருடைய அம்மா. அப்புறம் முதல் மனைவி. 2000-ஆம் வருஷத்தில் இரண்டாம் மனைவி. கடைசியில் 2011-ல், 92-ஆம் வயதில், எட்டிங்கரும் அவர்களோடு போய்ச் சேர்ந்தார்.

"ரெண்டு பொண்டாட்டியும் ஒரே எடத்துலயா? மாமியாரும் அங்கேயேவா?" என்றாள் மன்னி. "எழுந்து வந்ததும் முதல் காப்பி யாருக்காம்?"

என் மனைவி தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "முந்நூறு வருஷம் கழிச்சு எழுந்து மறுபடியும் இவருக்கு டிகாக்ஷன் எறக்கணுமா? நான் வரலை."

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அண்ணா மட்டும் யோசனையாக இருந்தார்.

"கரண்டு போச்சுன்னா என்னடா பண்ணுவா?"

"அதுக்குக் கரண்டே வேண்டாம், அண்ணா. அந்த நைட்ரஜன்தான் குளிர். கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போயிண்டே இருக்கும். குறையக் குறைய ரொப்பிண்டே இருக்கணும். அவ்வளவுதான்."

"யார் ரொப்புவா?"

"ஸ்தாபனத்துக்காரா."

"அவாளும் மனுஷாதானே? அவா போனப்புறம் யார் ரொப்புவா?"

கணக்கு வாத்தியார் கேட்ட கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்தது. ஏனென்றால் அந்தக் கதையும் எனக்குத் தெரியும். வேடிக்கைப் பேச்சில் அதை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில், ஒரு கல்லறைத் தோட்டத்து நிலவறையில் சிலரை இப்படி உறைய வைத்திருந்தார்கள். நடத்தியவர் முன்னாளில் டெலிவிஷன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். பெட்ஃபோர்டை உறைய வைப்பதிலும் பங்குகொண்டவர். உறவினர்கள் பணம் அனுப்பினார்கள். முதலில் மாதா மாதம். அப்புறம் எப்போதாவது. பிறகு நின்றுபோயிற்று. யாரை என்ன குற்றம் சொல்வது? மனைவி வேறு ஊருக்குப் போயிருப்பாள், பிள்ளைக்குக் குழந்தைகள் பிறந்திருக்கும். ஒரு மாதம் நைட்ரஜன் வாங்கப் பணம் இல்லை. அடுத்த மாதமும் இல்லை. 1979-ல் விஷயம் வெளிவந்தபோது, அங்கே இருந்த ஒன்பது பேரும் எப்போதோ உருகிக் கெட்டுப்போயிருந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. வழக்கு, நஷ்டஈடு எல்லாம் பிற்பாடு நடந்தது.

"அப்போ அந்த முதல் ஆசாமி? பெட்ஃபோர்டு? அவர் மட்டும் எப்படித் தப்பிச்சார்?" என்றார் அண்ணா.

அவருக்கு ஒரு பிள்ளை இருந்தான். அதுதான் எப்படி என்பதற்கு விடை. பெட்ஃபோர்டின் மனைவியும் மகனும் அவரை எங்கும் ஒரேயடியாக ஒப்படைத்துவிட்டுப் போய்விடவில்லை. ஓர் இடம் சரிப்படாவிட்டால் இன்னோர் இடம் என்று பெட்டியோடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சில வருஷம் தங்கள் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு, நைட்ரஜன் வாங்கி ஊற்றினார்கள். 1991-ல் அவரைப் பழைய கலத்திலிருந்து புதிய கலத்துக்கு மாற்றியபோது திறந்து பார்த்தார்கள். 24 வருஷம் ஆகியும் உறைந்தது உறைந்தபடியே இருந்தார்.

கொலராடோ மாகாணத்து நெடர்லாண்டு என்ற சிற்றூரிலும் இதே கதைதான். 1989-ல் காலமான ஒரு நார்வே தாத்தாவை, அவருடைய பேரன் அங்கே கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் உலர்பனிக்கட்டிக்குள் வைத்திருந்தான். விசா முடிந்துபோன பேரனைச் சர்க்கார் திருப்பி அனுப்பிவிட்டது. ஊர்ச்சபை, இனி யாரும் வீட்டில் பிணம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆனால் தாத்தாவை மட்டும் விட்டுவிட்டது. ஆள் வைத்து மாதா மாதம் பனிக்கட்டி ரொப்பினார்கள். 2002 முதல் அவர் பேரில் வருஷத் திருவிழாவே நடத்தினார்கள். தேரோட்டம் இல்லை, சவப்பெட்டி ஓட்டம் உண்டு. 2023-ல் எஸ்டிஸ் பார்க் என்ற ஊருக்குத் தாத்தாவும் போனார், திருவிழாவும் போயிற்று.

அண்ணா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆகக்கூடி, குளிர் ஒண்ணும் காப்பாத்தலை. ஞாபகம் வெச்சுண்டு ரொப்பறதுக்கு ஒருத்தன் இருக்கற வரைக்கும் இருக்கான். நமக்கெல்லாம் அந்தக் குளிரே வேண்டாம்டா. என்னை மட்டும் ஐஸிலே வெச்சுடாதீங்கோ. ஜலதோஷம் பிடிச்சுக்கும்."

இது நடந்து ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு தை மாதத்து விடியற்காலையில் அண்ணா போய்விட்டார். தூக்கத்திலேயே போனார். பிள்ளை அரிசோனாவிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆகும். என்ன செய்வது? எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அனுப்பினோம்.

கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டி. கூடத்தில் இறக்கி, சுவரில் பிளக்கைச் சொருகினதும் விர்ரென்று ஓட ஆரம்பித்தது. உள்ளே கிடத்தி மூடப் போகும்போது மன்னி மெல்ல எழுந்து போனாள். அலமாரியைத் திறந்து பழுப்பு மப்ளரை எடுத்து வந்தாள். யாரையும் பார்க்காமல் அதை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டு, "மூடுங்கோ" என்றாள். பெட்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வீடு வீடாகப் பெட்டி கொண்டுபோகிறவர். இதைப் போல் எத்தனையோ பார்த்திருப்பார்.

பெரிய சாஸ்திரிகள் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "புதுசு ஒண்ணும் இல்லை. பரதன் கேகய தேசத்துலேருந்து வரணுமேன்னு தசரதரை எண்ணெய்க் கொப்பரையிலே வெச்சிருந்தாளே. அவருக்குத் தைலம், உங்கள் அண்ணாவுக்குக் கரண்டு" என்றார்.

அந்தக் கரண்டு, ராத்திரி இரண்டு மணிக்குப் போயிற்று.

பெட்டியின் சத்தம் நின்றதும்தான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. தெருவே இருட்டு. பெட்டிக்காரருக்கு டெலிபோன் செய்தேன். "மூடியைத் திறக்காதீங்க ஐயா, கொஞ்ச நேரம் தாங்கும்" என்றார். எத்தனை நேரம் என்று சொல்லவில்லை. நான் டார்ச்சை அடித்துக்கொண்டு, கண்ணாடியில் பூத்த நீரைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றேன். துடைக்கத் துடைக்கப் பூத்தது. அமெரிக்க முறைகளைப் பற்றி நான் படித்ததெல்லாம் அப்போது ஒரு பைசாவுக்குப் பிரயோசனப்படவில்லை.

எதிர் வீட்டுப் பையன்தான் முதலில் வந்தான். அண்ணாவிடம் கணக்குப் படித்தவன். ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். முக்கால் மணி கழித்து, பந்தல்காரரையும் அவருடைய ஜெனரேட்டரையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். பந்தல்காரரும் அண்ணாவிடம் படித்தவர்தானாம். கணக்கில் மூன்று தடவை தவறியவர். வாசலில் வைத்து ஓட்டினார்கள். பெட்டி மறுபடி விர்ரென்றது. விடியும் வரை கரண்டு வரவில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை டீசல் ஊற்ற வேண்டியிருந்தது. நான் டார்ச் பிடித்தேன். பையன் புனலை வைத்தான். பந்தல்காரர் ஊற்றினார்.

'யார் ரொப்புவா?' என்று அண்ணா கேட்டாரே, அதற்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயந்திரம் அண்ணா பிள்ளை வந்தான். கண்ணாடி வழியாகச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். மூடியைத் திறந்ததும் அப்பாவின் கையைத் தொட்டான். "ரொம்பக் குளிர்ந்திருக்கே, சித்தப்பா" என்றான். அப்புறம் மப்ளரைக் கண்டு அழுதான். அதுவரை அழாமல் இருந்த மன்னியும் அழுதாள். பிறகு ஆக வேண்டிய காரியங்கள் மளமளவென்று ஆயின. பெட்டியை வாசலில் கழுவி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வீட்டில் யாரோ காத்திருந்தார்கள்.

ஸ்காட்ஸ்டேலில் தலைகீழாக நிற்பவர்களைப் பற்றி இப்போது எனக்குப் பரிகாசம் இல்லை. போகப் போகிறவர், தாம் திரும்பி வருவதற்காக அங்கே காத்திருக்கிறார். இங்கே, வரப்போகிற பிள்ளைக்காகப் போனவரைக் காக்க வைத்தோம். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு நாளா, இருநூறு வருஷமா என்பது மட்டும் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ராத்திரியில் எழுந்து ஊற்ற ஒருவர் வேண்டியிருக்கிறது.

மப்ளரை அண்ணா பிள்ளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். 110 டிகிரி ஊரில் அதை என்ன செய்கிறானோ, நான் கேட்கவில்லை. வருஷா வருஷம் தை மாதத்தில் மட்டும் விடாமல் கூப்பிடுவான். "சித்தப்பா, அப்பா திதி இங்கே இன்னிக்கா, நாளைக்கா?" என்று தொடங்கி, இரண்டு தேசத்துச் சூரியனையும் நிறுத்தி வைத்துக் கணக்குப் போடுவோம். கணக்கு வாத்தியார் பிள்ளை. ஸ்டெப் ஸ்டெப்பாகத்தான் ஒப்புக்கொள்வான்.

இந்த வருஷம் அவனுக்கு வேறொரு சந்தேகம்.

"பாகற்காய் பச்சையாக் கிடைக்கலை, சித்தப்பா. கடையிலே ஐஸிலே வெச்சதுதான் இருக்கு. அது ஆகுமா?"

"ஆகும்டா. ஆனா நன்னாக் கொதிக்கற வெந்நீரிலே போட்டு எடுத்துடு" என்றேன். "அப்பாவுக்குக் குளிர்ச்சி ஒத்துக்காது."